சேதி வந்துவிட்டது, சொன்னவர் எங்கே?

சென்ற இதழில் ஓஎஸ்பிஎஃப் ஏரியாக்களைப் பற்றி (ஓஎஸ்பிஎஃப் என்பது ஒரு நிறுவனத்துக்குள் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறை, ஏரியா என்பது அந்த நெட்வொர்க்கைப் பிரித்து வைத்த ஒரு பகுதி) எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன. பிஜிபி (நிறுவனங்களுக்கு நடுவே வழி சொல்லும் முறை), ஸ்டாட்டிக் (கையால் எழுதி வைத்த வழி), ரிப் (ஒரு பழைய முறை) என்று வேறெங்கிருந்தோ உள்ளே கொண்டுவந்த ரூட், ஒரு ஏரியாவிலிருந்து இன்னொரு ஏரியாவுக்கு எப்படிப் போகிறது, போய்ச் சேர்ந்த பிறகும் ஏன் சில சமயம் வேலைக்கு ஆவதில்லை? ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, யாருடைய நெட்வொர்க் என்று தெரிகிற வரிகளை எடுத்துவிட்டு, இந்த இதழை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஒரு ஏரியாவின் விவரத்தை ஏபிஆர், அதாவது இரண்டு ஏரியாக்களின் எல்லையில் நிற்கும் ரவுட்டர், தன் பெயரில் சுருக்கி எழுதி அடுத்த ஏரியாவுக்குத் தருகிறது என்று எழுதியிருந்தீர்கள். ரீடிஸ்ட்ரிபியூட் செய்து உள்ளே கொண்டுவந்த ரூட்டையும் அப்படித்தான் மாற்றி எழுதுகிறதா? டேட்டாபேஸில் பார்த்தால் அனுப்பியவர் இடத்தில் எங்கோ நாலு ரவுட்டர் தள்ளி இருப்பவரின் ஐடி நிற்கிறது. குழப்பமாக இருக்கிறது சார்.

பதில்: நீங்கள் பார்த்தது சரிதான், ஏபிஆர் அதைத் தொடுவதே இல்லை.

ஏரியாவுக்குள்ளேயே பிறந்த நெட்வொர்க் என்றால் ஏபிஆர் அதை டைப் 3 எல்எஸ்ஏவாகத் தன் பெயரில் எழுதிக் கொடுக்கும். எல்எஸ்ஏ என்பது ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சேதி, டைப் எண் அதன் வகை. அடுத்த ஏரியாக்காரர்களுக்கு அந்த ஏபிஆர் வரைதான் தெரியும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வெளி ரூட்டின் கதை வேறு. அதை உள்ளே கொண்டுவந்த ரவுட்டர், அதாவது ஏஎஸ்பிஆர், ஒரு டைப் 5 எல்எஸ்ஏவை எழுதி, கீழே தன் ரவுட்டர் ஐடியைப் போட்டு அனுப்புகிறது. டைப் 5-ஐ உள்ளே விடாத ஸ்டப் வகை ஏரியாக்களைத் தவிர மற்ற எல்லா ஏரியாவுக்கும் அது உள்ளடக்கம் மாறாமல் அப்படியே போகும். கல்யாணப் பத்திரிகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். உள்ளூருக்கும் வெளியூருக்கும் ஒரே அச்சு, கீழே 'இங்ஙனம்' என்று ஒரே பெயர். வெளியூர்க்காரருக்குப் பத்திரிகை கையில் கிடைத்துவிட்டது, சரி, ஆனால் அந்தப் பெயருக்குரியவர் வீட்டுக்கு எந்தப் பக்கம் பஸ் ஏறுவது?

அதற்குத்தான் டைப் 4. ஒரு சின்னப் படம் போட்டுக்கொள்ளுங்கள். ஏரியா 10-இல் ஏஎஸ்பிஆர் 1.1.1.1 இருக்கிறது, 172.16.50.0/24 என்ற வெளி ரூட்டைக் கொண்டுவருகிறது. ஏரியா 10-க்கும் 0-க்கும் நடுவில் ஏபிஆர் 2.2.2.2. ஏரியா 0-க்கும் 20-க்கும் நடுவில் ஏபிஆர் 3.3.3.3. ஏரியா 20-க்குள் உங்கள் ரவுட்டர் 4.4.4.4. ஏரியா 10-இல் இருப்பவர்களுக்கு 1.1.1.1 யார் என்று வரைபடத்திலேயே தெரியும், 'நான் ஏஎஸ்பிஆர்' என்று, அது தன்னைப் பற்றித் தன் ஏரியாவுக்குள் சொல்லும் டைப் 1-இல் ஒரு பிட் நிற்கும், டைப் 4 தேவையே இல்லை. ஏரியா 0-க்குள் நுழையும்போது 2.2.2.2 ஒரு டைப் 4 எழுதுகிறது: '1.1.1.1-க்கு என் வழியாகப் போகலாம், காஸ்ட், அதாவது வழியின் செலவு, 20.' அதைக் கேட்ட 3.3.3.3, தனக்கும் 2.2.2.2-க்கும் நடுவில் உள்ள 10-ஐக் கூட்டி, 'என் வழியாக 30' என்று தன் பெயரில் புதிதாக ஒன்றை எழுதி ஏரியா 20-க்குள் விடுகிறது. உங்கள் ரவுட்டருக்கு 3.3.3.3 வரை 10 என்றால் மொத்தம் 40. இப்போது டேட்டாபேஸைத் திறந்தால் டைப் 5-இல் 1.1.1.1-இன் கையெழுத்து, டைப் 4-இல் 3.3.3.3-இன் கையெழுத்து. இரண்டும் ஒட்டினால்தான் ரூட். டைப் 4 வராமல் போனால் டைப் 5 டேட்டாபேஸில் சும்மா கிடக்கும், ரூட்டிங் டேபிளில் ஏறாது, ரவுட்டரும் ஒரு வார்த்தை புகார் சொல்லாது.

சிஸ்கோ ரவுட்டர் என்றால் 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் பார்டர்-ரவுட்டர்ஸ்' அடித்துப் பாருங்கள். நம்மில் பலர் அந்தக் கட்டளையை மறந்தே போனோம். வெளி ரூட் சிக்கல் என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் அடிப்பது அதைத்தான், ஏஎஸ்பிஆர் அந்தப் பட்டியலில் இல்லை என்றால் மற்ற எதையும் தோண்டிப் பயனில்லை.

கேள்வி: எங்களுக்கு இரண்டு இன்டர்நெட் வாசல். எந்த ரவுட்டரில் பார்த்தாலும் டேபிளில் 'ஓ ஈ2' (ஓஎஸ்பிஎஃப்பில் வந்த வெளி ரூட், இரண்டாம் வகை), மெட்ரிக் (வழியின் செலவெண்) 20. வாசலுக்குப் பக்கத்தில் இருந்தாலும் 20, ஆறு ஹாப் தள்ளி இருந்தாலும் 20. ஓஎஸ்பிஎஃப் தூரத்தையே பார்க்காதா?

பதில்: பார்க்கிறது, உங்களிடம் காட்டிக்கொள்ளவில்லை. ஈ2 என்றால் வெளியில் ஆகும் செலவு உள்ளே ஆகும் எந்தச் செலவையும் விடப் பெரியது, ஆகவே உள்ளே ஆவதைக் கணக்கில் எழுத வேண்டாம் என்று ஒரு ஏற்பாடு. சிஸ்கோவில் எதுவும் சொல்லாமல் ரீடிஸ்ட்ரிபியூட் செய்தால் ஈ2-தான், மெட்ரிக் 20, பிஜிபியிலிருந்து வந்தால் மட்டும் 1. அந்த 20 ஏஎஸ்பிஆர் எழுதிய இடத்திலிருந்து கடைசி ரவுட்டர் வரை 20-ஆகவே இருக்கும்.

'ஈ2 உள் தூரத்தைப் பார்க்கவே பார்க்காது' என்று இன்டர்வியூவில் சொல்லி, கேட்டவரும் தலையாட்டிய கதைகள் நிறைய உண்டு. இரண்டு வாசலும் அதே ரூட்டை அதே 20-இல் சொன்னால், எந்த ஏஎஸ்பிஆர் தனக்குக் கிட்டே என்று ஒவ்வொரு ரவுட்டரும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறது. குறிப்பிட்ட நெட்வொர்க்கைப் போட்டு 'ஷோ ஐபி ரூட்' அடித்தால் 'ஃபார்வர்ட் மெட்ரிக் 40' என்று ஓர் ஓரத்தில் தெரியும், அதுதான் அந்தத் தூரம். மெட்ரிக் வேறுபட்டால் மட்டும் இந்தக் கணக்கு ஓடாது. ஒரு வாசல் 20, இன்னொன்று 50 என்று வைத்தால் 50-க்குப் பக்கத்து மேசையில் இருக்கும் ரவுட்டரும் ஊரைச் சுற்றி 20-க்குத்தான் போகும். ஒன்று மெயின், ஒன்று பேக்கப் என்று நினைப்பவர்களுக்கு அதுவே வேண்டியதாக இருக்கும்.

ஈ1 என்றால் வெளி மெட்ரிக்கோடு உள் தூரத்தையும் கூட்டி எழுதும். இரண்டு வாசலும் சமமாக உழைக்க வேண்டும், ஆனால் ஒரு வாசலின் லைன் கொஞ்சம் சின்னது என்பது மாதிரி இருந்தால் நான் ஈ1-ஐத்தான் போடுவேன், கணக்கு கண்ணுக்குத் தெரியும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே நெட்வொர்க்குக்கு ஈ1-உம் ஈ2-உம் வந்தால் ஈ1-தான் ஜெயிக்கும், ஈ1-இன் மெட்ரிக் 5000 ஆக இருந்து ஈ2-இன் மெட்ரிக் 1 ஆக இருந்தாலும் அப்படித்தான். ஆகவே ஒரு வாசலை மட்டும் ஈ1-ஆக மாற்றிவிட்டு, இன்னொன்றைச் சாப்பிட்டு வந்து மாற்றலாம் என்று எழுந்து போய்விடாதீர்கள். அந்த அரை மணி நேரமும் மொத்த டிராஃபிக்கும் ஒரே வாசலில் முட்டும்.

கேள்வி: ஒரு வெளி ரூட் டேபிளில் வருகிறது, ஐந்தாறு விநாடியில் காணாமல் போகிறது, மறுபடி வருகிறது. லிங்க் எதுவும் விழவில்லை. லாகில் 'ஃப்ளட் வார்' என்று ஏதோ போர் நடப்பதாகச் சொல்கிறது!

பதில்: போர்தான் நடக்கிறது. உங்கள் நெட்வொர்க்கில் எங்கோ இரண்டு ரவுட்டருக்கு ஒரே ரவுட்டர் ஐடி.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடம் முன்பு ஒரு புதுக் கிளைக்கு ரவுட்டர் அனுப்ப வேண்டியிருந்தது, பழைய ஒன்றின் கான்ஃபிகை எடுத்து ஐபி முகவரிகளை எல்லாம் மாற்றினேன், 'ரவுட்டர்-ஐடி' என்ற ஒற்றை வரியைக் கோட்டை விட்டேன். அந்தப் பழைய ரவுட்டர் ஒரு ஏஎஸ்பிஆர். புதியது வேறு ஏரியா. ஏரியாக்கள் வேறு என்பதால் உள் ரூட்டுகளுக்கு ஒரு குறையும் இல்லை, டைப் 1 தன் ஏரியாவை விட்டு வெளியே போகாதே. ஆனால் டைப் 5 எல்லா இடத்துக்கும் போகுமல்லவா, புது ரவுட்டரின் வாசலுக்கும் வந்தது. தன் பெயரிலேயே ஒரு பத்திரிகை! 'நான் இப்படி ஒன்றை அடிக்கவே இல்லையே, ரீபூட் ஆவதற்கு முன்னால் நான் போட்ட பழையது போலிருக்கிறது' என்று முடிவு கட்டி, அதன் வயதை அதிகபட்சமான 3600 விநாடி என்று எழுதி, அதாவது இது செத்துவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டது. உண்மையான ஏஎஸ்பிஆர் அதைக் கேட்டு, 'யார் சொன்னது, உயிரோடுதான் இருக்கிறது' என்று எது புதிது என்று காட்டும் சீக்வென்ஸ் எண்ணை ஏற்றி மறுபடி அனுப்ப, புதியது மறுபடி கொல்ல, இது விடிய விடிய. ஒரே எல்எஸ்ஏவைத் திரும்ப எழுதக் குறைந்தது 5 விநாடி இடைவெளி விட வேண்டும் என்பது விதி, அதனால்தான் உங்களுக்கும் அந்த ஐந்தாறு விநாடித் தாளம். புது ரவுட்டர் தவறு எதுவும் செய்யவில்லை என்பதுதான் இதில் கொடுமை, தன் பெயரில் வரும் பழைய எல்எஸ்ஏவை அப்படித்தான் அழிக்க வேண்டும் என்று 1998 ஏப்ரலில் வந்த, ஓஎஸ்பிஎஃப்பின் விதிகளை எழுதி வைத்த ஆர்எஃப்சி 2328-லேயே இருக்கிறது. 244 பக்க ஆவணம் அது, ஜான் மாய் எழுதியது, அந்த இரவுக்குப் பிறகுதான் நான் 13-ஆம் பகுதியை ஒழுங்காகப் படித்தேன்.

லாகில் சொல்லும் ஐடியை எடுத்து, எல்லாக் கிளைகளின் கான்ஃபிகிலும் தேடுங்கள். கிடைத்ததும் மாற்றி, ஓஎஸ்பிஎஃப் புராசஸை ரீசெட் செய்தால்தான் புது ஐடி அமலுக்கு வரும்.

கேள்வி: ஸ்டப் ஏரியாவுக்குள் டைப் 5 வராது, சரி. அப்படியிருக்க என்எஸ்எஸ்ஏ என்று ஒன்று எதற்கு? பெயரே கேலியாக இருக்கிறதே?

பதில்: கேலியெல்லாம் இல்லை, 'நாட் சோ ஸ்டபி ஏரியா', அவ்வளவாக ஸ்டப் இல்லாத ஏரியா, ஆவணத்திலேயே அப்படித்தான் பெயர் வைத்தார்கள். 1994-இல் ஆர்எஃப்சி 1587 ஆக வந்தது, 2003-இல் ஆர்எஃப்சி 3101 அதன் இடத்தைப் பிடித்தது.

கிளையில் சின்ன ரவுட்டர். ஊரிலுள்ள வெளி ரூட்டுகளை எல்லாம் சுமக்க அதற்குத் தெம்பில்லை, ஸ்டப் ஆக்கிவிட்டால் ஏபிஆர் ஒரு டிஃபால்ட் ரூட்டை, அதாவது வேறு வழி தெரியாததை எல்லாம் அனுப்பும் ஒற்றை வழியை, கையில் கொடுத்து முடித்துவிடும். ஆனால் அதே கிளையில் ரிப் மட்டுமே பேசத் தெரிந்த ஒரு பழைய பெட்டி இருக்கிறது, அதற்குப் பின்னால் உள்ள நெட்வொர்க்கை மற்றவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஸ்டப்புக்குள் ஏஎஸ்பிஆர் இருக்க முடியாது. அதனால் டைப் 7 என்று வேறு ஒரு வகை. அது அந்த ஏரியாவுக்குள் மட்டும் சுற்றும், எல்லைக்கு வந்ததும் ஏபிஆர் அதை டைப் 5-ஆக மாற்றி வெளியே விடும். இரண்டு ஏபிஆர் இருந்தால் ரவுட்டர் ஐடி பெரியதாக இருப்பது மட்டும் மாற்றும். மாற்றலாமா வேண்டாமா என்று டைப் 7-லேயே 'பி' என்று ஒரு பிட் இருக்கிறது.

சிஸ்கோவில் கை வைக்கும் முன் ஒன்று: சாதாரண ஸ்டப்புக்கு ஏபிஆர் தானாக டிஃபால்ட் தரும், சாதாரண என்எஸ்எஸ்ஏவுக்குத் தராது, தனியாகச் சொல்ல வேண்டும். 'நோ-சம்மரி' சேர்த்தால் தானாகவே தந்துவிடும். ஸ்டப்பிலிருந்து என்எஸ்எஸ்ஏவுக்கு மாற்றியதும் கிளை இருட்டடித்துப் போய்விட்டது என்று எழுதியிருந்த இன்னொரு வாசகருக்கும் இதுவே பதில்.

கேள்வி: சார், மூன்று நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். ஏரியா 30 ஒரு என்எஸ்எஸ்ஏ. அதில் ஒரு ரவுட்டர் 192.168.77.0/24-ஐ ஸ்டாட்டிக்கிலிருந்து கொண்டுவருகிறது. தலைமை ஆபீஸில் அதற்கான டைப் 5 டேட்டாபேஸில் இருக்கிறது. ரூட்டிங் டேபிளில் இல்லை. ஏபிஆர் வரை பிங் போகிறது, பார்டர்-ரவுட்டர்ஸ் பட்டியலிலும் ஏபிஆர் இருக்கிறது. போன வாரம் வரை ஓடியது. மாற்றியது ஒன்றே ஒன்று, டேபிள் நீளமாக இருக்கிறதே என்று ஏபிஆரில் ஒரு ஃபில்டர் போட்டு ஏரியா 30-இன் லூப்பேக்குகளை, அதாவது கேபிள் எதுவும் இல்லாமல் ரவுட்டருக்குள்ளேயே வைக்கும் முகவரிகளை, வெளியே போகாமல் மறைத்தோம்.

பதில்: கடைசி வரியில் நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள்.

முதல் பதிலில் சொன்ன பத்திரிகையை மறுபடி எடுங்கள். கீழே 'இங்ஙனம்' இருக்கிறது, நடுவில் மண்டபத்தின் முகவரி என்று ஒரு வரி இருக்குமல்லவா? வெளி ரூட் எல்எஸ்ஏவிலும் உண்டு, ஃபார்வர்டிங் அட்ரஸ். அது 0.0.0.0 என்றிருந்தால் கல்யாணம் வீட்டிலேயே, கையெழுத்துப் போட்டவரிடம் போனால் போதும். வேறு முகவரி இருந்தால் கையெழுத்துப் போட்டவரை மறந்துவிட்டு நேரே அங்கே போக வேண்டும். இது முதலில் எதற்காக வந்தது என்றால், ஒரே ஈதர்நெட்டில் மூன்று ரவுட்டர்கள், அதில் ஒன்று பிஜிபி மட்டும் பேசும், ஓஎஸ்பிஎஃப் பேசாது என்று வையுங்கள். பக்கத்தில் இருக்கும் ஏஎஸ்பிஆர் அதன் சார்பாக ரூட்டைச் சொல்கிறது. எல்லாப் பாக்கெட்டும் ஏஎஸ்பிஆருக்கு வந்து, அதே ஈதர்நெட்டில் திரும்பி அந்த ரவுட்டருக்குப் போவானேன், நேரே அதனிடம் போகட்டும் என்று அதன் முகவரியை எழுதிவிடுகிறது.

என்எஸ்எஸ்ஏவில் இது கட்டாயம். மாற்றப்பட வேண்டிய டைப் 7-இல் ஃபார்வர்டிங் அட்ரஸ் 0.0.0.0 ஆக இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் எல்லோரும், மாற்றிக் கொடுத்த ஏபிஆரிடம் போய் நிற்பார்கள், பக்கத்திலேயே இன்னொரு ஏபிஆர் வழியாகக் குறுக்கு வழி இருந்தாலும். ஆகவே உங்கள் கிளை ரவுட்டர் தன் முகவரிகளில் ஒன்றை எழுதுகிறது, அந்த ஏரியாவில் அதற்கு லூப்பேக் இருந்தால் முதலில் அதைத்தான் எடுக்கும். ஏபிஆர் டைப் 5-ஆக மாற்றும்போது கையெழுத்தை மாற்றிப் போடுகிறது, மண்டபத்தின் முகவரியில் கை வைப்பதில்லை.

இப்போது தலைமை ஆபீஸில் 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸ் எக்ஸ்டர்னல் 192.168.77.0' அடியுங்கள். 'அட்வர்டைசிங் ரவுட்டர்' வரியில் உங்கள் ஏபிஆர். நாலைந்து வரி கீழே 'ஃபார்வர்ட் அட்ரஸ்: 10.30.255.7' என்கிற மாதிரி ஒன்று நிற்கும். அது கிளை ரவுட்டரின் லூப்பேக். நீங்கள் மறைத்தது அதைத்தான். ஓஎஸ்பிஎஃப்பின் விதி இங்கே மிகக் கறாரானது: அந்த முகவரிக்கு ஓஎஸ்பிஎஃப்பிலேயே உள் ரூட்டாகவோ ஏரியாக்களுக்கு இடையிலான ரூட்டாகவோ வழி தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த எல்எஸ்ஏவை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். டிஃபால்ட் ரூட் வெளியிலிருந்து வந்திருக்கிறதே, அது வழியாகப் போகாதா என்று கேட்காதீர்கள், வெளி ரூட்டை நம்பி இன்னொரு வெளி ரூட்டை ஏற்றாது.

சரி செய்ய, ஃபில்டரில் அந்த ஒரு முகவரியை (/32) மட்டும் வெளியே போக அனுமதிக்கலாம். எனக்குப் பிடித்தது அதைவிட 'ஏரியா ரேஞ்ச்' போட்டு 10.30.0.0/16 என்று ஒரே வரியாகச் சுருக்கி அனுப்புவது, டேபிளும் குட்டையாகும், 10.30.255.7-உம் அதற்குள் அடங்கிவிடும். மூன்றாவதாக, சிஸ்கோவில் என்எஸ்எஸ்ஏ வரியோடு 'டிரான்ஸ்லேட் டைப்7 சப்ரஸ்-எஃப்ஏ' சேர்த்தால் ஏபிஆர் மாற்றும்போது அந்த முகவரியை 0.0.0.0 ஆக்கிவிடும், பாக்கெட் ஏபிஆரிடமே வரும். ஒரே ஏபிஆர் என்றால் பாதகமில்லை. இரண்டு இருந்தால் எல்லாப் பாரமும் மாற்றிக் கொடுக்கிற ஒன்றின் தலையில் விழும், அவசரத்துக்கு ஒரு ராத்திரி போட்டு வைக்கலாம், மறுநாள் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு கம்பெனிகள் இணைந்ததில் எங்கள் பக்கம் ஓஎஸ்பிஎஃப், அந்தப் பக்கம் ஈஐஜிஆர்பி (சிஸ்கோவிலிருந்து வந்த இன்னொரு ரூட்டிங் முறை). நடுவில் இரண்டு ரவுட்டர், இரண்டிலும் இரு பக்கமும் ரீடிஸ்ட்ரிபியூஷன். ஒன்று மட்டும் இருந்தவரை நன்றாக இருந்தது. இரண்டாவதைப் போட்டதும் சில நெட்வொர்க்குக்கு டிரேஸ்ரூட் இரண்டு ரவுட்டருக்கும் நடுவே பந்து விளையாடுகிறது.

பதில்: தான் சொன்ன சேதியே நாலு வாய் மாறித் தன் காதுக்கு வந்து, புதுச் சேதி என்று நம்பிவிட்ட கதை இது.

நடுவில் உள்ளவை அ, ஆ என்று வைத்துக்கொள்வோம். ஈஐஜிஆர்பி பக்கம் 10.99.0.0/16 ஏற்கெனவே வெளியிலிருந்து வந்த ரூட், ஆகவே அதன் அட்மின் டிஸ்டன்ஸ் (எந்த முறை சொன்ன ரூட்டை நம்புவது என்று ரவுட்டர் பார்க்கும் எண்) 170. அ அதை ஓஎஸ்பிஎஃப்புக்குள் கொண்டுவருகிறது, டைப் 5 ஆகி எல்லா ஏரியாவையும் சுற்றி ஆ-வுக்கும் வருகிறது. ஆ-வின் கையில் இப்போது இரண்டு: ஈஐஜிஆர்பி 170, ஓஎஸ்பிஎஃப் 110. சின்ன எண் ஜெயிக்கும், ஓஎஸ்பிஎஃப்பை எடுக்கிறது. எடுத்ததோடு நில்லாமல், ஓஎஸ்பிஎஃப் ரூட்டுகளை ஈஐஜிஆர்பிக்குள் கொடு என்று நீங்கள் சொல்லியிருப்பதால் அதைத் திருப்பி அந்தப் பக்கமே கொடுக்கிறது. நீங்கள் போட்ட மெட்ரிக் அசலைவிடக் கவர்ச்சியாக இருந்தால் ஈஐஜிஆர்பி ரவுட்டர்கள் ஆ-விடம் வரும், ஆ அதை அ-விடம் அனுப்பும், அ-வும் ஈஐஜிஆர்பி சொல்வதைக் கேட்டு ஆ-விடமே அனுப்பும். பந்து.

டைப் 5-இல் 32 பிட் நீளத்துக்கு ஒரு டேக் இருக்கிறது, ஓஎஸ்பிஎஃப் அதை எதற்கும் பயன்படுத்தாது, நமக்காகச் சுமந்து மட்டும் போகும். ஈஐஜிஆர்பியிலிருந்து ஓஎஸ்பிஎஃப்புக்கு வரும் எதற்கும் ரூட்-மேப்பில் (ரூட்டுகளை வடிகட்டும் விதிப் பட்டியல்) டேக் 99 என்று முத்திரை குத்துங்கள், இரண்டு ரவுட்டரிலும். ஓஎஸ்பிஎஃப்பிலிருந்து ஈஐஜிஆர்பிக்குப் போகும் ரூட்-மேப்பின் முதல் வரியில் டேக் 99-ஐ மறுத்துவிடுங்கள். எதிர்ப்பக்கத்துக்கு வேறு எண். இதோடு பந்து நிற்கும்.

ஆனால் பாதிப் பேர் இங்கேயே எழுந்து போய்விடுகிறார்கள். ஆ இன்னமும் 110-ஐப் பார்த்து ஓஎஸ்பிஎஃப்பையே நம்பிக்கொண்டிருக்கிறது, அதாவது பக்கத்து வீட்டுக்குப் போக அ வழியாகச் சுற்றிப் போகிறது. அதற்கு இரண்டு ரவுட்டரிலும் ஓஎஸ்பிஎஃப்பின் வெளி ரூட் டிஸ்டன்ஸை மட்டும் 170-க்கு மேல், 180 என்று ஏற்றுங்கள். 'டிஸ்டன்ஸ் ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்டர்னல் 180'. உள் ரூட்டுகள் 110-இலேயே இருக்கும்.

கேள்வி: ஓஎஸ்பிஎஃப்பை விட்டு ஐஎஸ்-ஐஎஸ் என்ற ரூட்டிங் முறைக்கு மாறச் சொல்கிறார்கள். அங்கே டைப் 4, டைப் 5 எல்லாம் உண்டா?

பதில்: இல்லை, நிம்மதி. அங்கே லெவல் 1 (ஏரியாவுக்குள்), லெவல் 2 (ஏரியாக்களுக்கு நடுவே). எல்லையில் இருக்கும் ரவுட்டர் லெவல் 1-இல் கேட்டதைத் தன் பெயரிலேயே லெவல் 2-க்கு ஏற்றிச் சொல்லும், ஆகவே சொன்னவர் எங்கே என்ற கேள்வியே எழாது. மேலிருந்து கீழே மட்டும் தானாக எதுவும் இறங்காது. எல்லை ரவுட்டர் 'நான் மேலே இணைந்திருக்கிறேன்' என்று ஒரு பிட்டைக் காட்டும், கீழே உள்ளவை கிட்டே இருப்பதைப் பார்த்து டிஃபால்ட் வைத்துக்கொள்ளும். 1990-இல் வந்த ஆர்எஃப்சி 1195-இன் ஏற்பாடு அது. கிட்டே இருக்கிற எல்லை எப்போதும் நல்ல வழியாக இருக்குமா என்ன, அதனால் 2000-இல் ஆர்எஃப்சி 2966 வந்து, வேண்டியதைக் கீழே கசிய விடலாம் என்றது. கீழே இறங்கியது மறுபடி மேலே ஏறிச் சுற்றாமல் இருக்க 'அப்-டவுன்' என்று ஒரு பிட். எம்பிஎல்எஸ் விபிஎன்னில் (சர்வீஸ் புரொவைடர் வழியாகக் கிளைகளை இணைக்கும் தனி நெட்வொர்க்) ஓஎஸ்பிஎஃப் ஓட்டுபவர்கள் பார்க்கிற 'டிஎன்' பிட்டும் இதே வேலைக்குத்தான், சர்வீஸ் புரொவைடர் இறக்கியதை அவரிடமே திரும்ப ஏற்றக் கூடாது.

கேள்வி: பிஜிபியில் வரும் முழு டேபிளையும் ஓஎஸ்பிஎஃப்புக்குள் விட்டால் எல்லா ரவுட்டருக்கும் நல்ல வழி தெரியுமே, ஏன் யாரும் செய்வதில்லை?

பதில்: ஐபிவி4-க்கு மட்டும் ஒன்பது லட்சம் ரூட்டுக்கு மேல் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டைப் 5, ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பித்து ஊர் முழுக்க வெள்ளமாகப் பரவ வேண்டும், அதை ஒவ்வொரு ரவுட்டரும் நினைவில் வைக்க வேண்டும். கிளையில் இருக்கும் பெட்டி அன்றைக்கே படுத்துவிடும். போதாததற்கு, ஓஎஸ்பிஎஃப்புக்குள் நுழைந்ததும், ரூட் எந்தெந்த நெட்வொர்க் வழியாக வந்தது என்று காட்டும் ஏஎஸ் பாத் உதிர்ந்துவிடும். அதை யாராவது வேறொரு வாசலில் மறுபடி பிஜிபிக்குள் விட்டால் உலகத்தின் ரூட்டெல்லாம் உங்கள் வீட்டில் பிறந்தது போலத் தெரியும். 1997 ஏப்ரல் 25 அன்று ஏஎஸ் 7007 என்ற எண்ணுள்ள நெட்வொர்க் பிறருடைய முகவரிகளை /24 துண்டுகளாக்கித் தன்னுடையவை போல அறிவித்ததில் இணையத்தின் பெரும்பகுதி தடுமாறியது, பழைய ஆட்களிடம் அந்த எண்ணைச் சொன்னாலே முகம் மாறும். டிஃபால்ட் ரூட்டும், தேவைப்பட்டால் பத்துப் பன்னிரண்டு குறிப்பிட்ட ரூட்டும் போதும். கை தவறினாலும் தாங்க 'ரீடிஸ்ட்ரிபியூட் மேக்ஸிமம்-பிரிஃபிக்ஸ்' என்று ஒரு உச்சவரம்பு போட்டு வையுங்கள்.

கேள்வி: 0.0.0.0/0-க்கு ஸ்டாட்டிக் போட்டு 'ரீடிஸ்ட்ரிபியூட் ஸ்டாட்டிக் சப்நெட்ஸ்' கொடுத்தேன். மற்ற ஸ்டாட்டிக் எல்லாம் போகிறது, டிஃபால்ட் மட்டும் போகவில்லை.

பதில்: சிஸ்கோ ஓஎஸ்பிஎஃப்பில் டிஃபால்ட் அந்த வழியாகப் போகாது. 'டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்' தனியாகக் கொடுங்கள். அந்த ரவுட்டரின் டேபிளில் டிஃபால்ட் இருக்கும்வரைதான் அது மற்றவர்களுக்குச் சொல்லும். 'ஆல்வேஸ்' சேர்த்தால் இல்லாவிட்டாலும் சொல்லும், லைன் செத்த பிறகும் 'என்னிடம் வாருங்கள்' என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு வாசல் இருக்கிற இடத்தில் அதைச் சேர்க்காதீர்கள்.